தண்ணீரில் தண்ணீர் ஊற்றினேன்

இந்த அறையின் மின்விசிறி கிறீச்சிடுகிறது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கிவிடும். ஏணி கிடைத்தால் போகும்போது நானே விட்டுவிட்டுப் போகிறேன். ஒரு இயந்திரம் முனகுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார எனக்கு வராது.

மருத்துவமனையில் என்னைத் 'தண்ணிக்காரர்' என்பார்கள். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்யும் பிரிவுக்குப் பதினெட்டு வருடங்களாகத் தண்ணீர் தயாரித்தவன் நான். ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு நூற்றிருபது லிட்டர் வேண்டும். அவர் ரத்தத்துக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவே மெல்லிய தோல் ஒன்றுதான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கிருமியைக் கொல்லக் குளோரின் வேண்டும். ஆனால் தண்ணீரை வடிகட்டும் சவ்வுக்குக் குளோரின் ஆகாது, அரித்துவிடும். அதனால் சவ்வுக்கு முன்பே அதை எடுத்துவிடுவோம். காவல்காரனை வாசலோடு அனுப்பிவிட்டால் வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் குடியேறலாம் அல்லவா? சவ்வின் மேலும், அதற்கப்பால் கட்டில்கள்வரை போகும் குழாய்களின் உள்ளேயும் கிருமிகள் கூடி வழுவழுப்பாக ஒரு படலம் கட்டும். நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து விட்டுக் கழுவி வந்தேன். யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

போன வருடம் வேதியியல் படித்த பெண் ஒருத்தி வேலைக்கு வந்தாள். இரண்டாவது வாரமே ஒரு குழாயைக் கழற்றி, தலைமை நர்ஸம்மாவையும் மேலாளரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உள்ளே விரலை விட்டு எடுத்துக் காட்டினாள். வெண்டைக்காய் நறுக்கிய விரல்போலப் பிசுபிசுத்தது.

"இது அண்ணன் தப்பு இல்ல சார். முறையே அப்படி இருந்திருக்கு. வாராவாரம் கழுவுனா சரியாயிடும்," என்றாள்.

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். பரிந்து பேசினாள்.

வாராவாரம் கழுவினோம். அடைப்பு நீங்கி அழுத்தமானியின் முள் இறங்கியது. கூடவே இன்னொன்றும் நின்றது. முன்பெல்லாம் மாதத்தில் நாலைந்து பேருக்குச் சிகிச்சை நடக்கும்போதே குளிர்ஜுரம் வரும், கம்பளி போர்த்துவார்கள். இப்போது கம்பளிகள் மடித்தபடியே கிடந்தன.

"இத்தன வருஷமா அவங்க உடம்பு வாகுன்னுல்ல நெனச்சோம். தண்ணியிலதான் இருந்திருக்கு பாருங்க," என்றார் நர்ஸம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

அதன் பொருள் உங்களுக்குப் புரிகிறதா? பதினெட்டு வருடங்களாக நடுங்கியவர்கள் எல்லாரும் என்னால் நடுங்கினார்கள் என்று பொருள். அப்படி இருக்க முடியாது. நான் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைத்தவனில்லை. ஆகவே அவள் முறைதான் தவறு என்று நிரூபிப்பது என் கடமையாயிற்று.

கழுவும் மருந்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, அதே கேன்களில் வடிகட்டாத குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்தேன். வாராவாரம் சவ்வைத் தாண்டி உள்ளே போனது அதுதான். மருந்து எல்லாக் குழாய்க்கும் போய்ச் சேர்ந்ததா என்று காட்டும் சோதனைத் தாளைப் பார்த்து எழுதுவதும் நான்தான். சேர்ந்தது என்று எழுதினேன். ஆய்வகத்துக்கு அனுப்பும் மாதிரிக்குக் கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கினேன். யோசித்துப் பாருங்கள், தண்ணீரில் தண்ணீரைத்தான் ஊற்றினேன். இதில் விஷம் எங்கே இருக்கிறது?

என் தங்கையின் கணவரும் அங்கேதான் வாரம் மூன்று நாள் சிகிச்சைக்கு வருவார். கேன்களை மாற்றிய மறுநாளே தங்கையிடம், மாப்பிள்ளையை வேறு மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொன்னேன்.

"ஏண்ணா, நீ பாக்கற தண்ணிய விட்டுட்டு நாங்க எங்க போறது?"

"சொன்னாக் கேளும்மா. அங்க கூட்டம் கம்மி."

மாற்றிவிட்டாள். என் பேச்சைத் தட்டமாட்டாள்.

ஆறாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை, முதல் சுற்றில் படுத்த ஒன்பது பேருக்கும் ஒன்றாகக் குளிர் கண்டது. கட்டில்கள் கடகடத்தன. நாலாவது கட்டிலில் ஒரு தையல்கார அம்மா. எப்போதும் "இன்னிக்குத் தண்ணி எப்படிங்க?" என்று கேட்பார், நான் "கண்ணாடி மாதிரி இருக்கும்மா" என்பேன். அன்றும் பல் கிட்டிக்கொள்ளும் முன் கேட்டார். நானும் அதையே சொன்னேன். வழக்கத்தை மாற்றுவானேன்.

அந்த வாரத்திலேயே மூன்று பேர் போய்விட்டார்கள். தையல்கார அம்மாவும் அவர்களில் ஒருவர். அவள் கொண்டுவந்த முறைதான் காரணம் என்று அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கேட்டைத் தாண்டும்போது அவள் அழுதுகொண்டே என்னிடம், "நான் எங்கண்ணா தப்பு பண்ணேன்?" என்றாள். பார்க்கப் பாவமாக இருந்தது. "எல்லாம் அனுபவத்துல வரும்மா," என்றேன்.

மேலாளர் என் தோளில் கை வைத்து, "நீங்க பாத்த வரைக்கும் இப்படி ஒண்ணு நடந்ததே இல்ல," என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன். அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

என்னைக் காட்டிக்கொடுத்தது நன்றியுணர்ச்சி. தங்கை பழம் வாங்கிக்கொண்டு நர்ஸம்மாவைப் பார்க்கப் போயிருக்கிறாள். "எங்கண்ணன் தெய்வம்மா. ஆறு வாரம் முன்னாடியே இவர வேற எடத்துக்கு மாத்தச் சொன்னாரு," என்று கைகூப்பியிருக்கிறாள். நர்ஸம்மா நேராகப் போய்க் கேன் மூடியைத் திறந்து முகர்ந்திருக்கிறார். கழுவும் மருந்தென்றால் மூக்கைத் துளைக்கும் புளிப்பு வாடை வந்திருக்க வேண்டும். ஒன்றுமே வரவில்லை.

நீங்கள் எழுதிய என் வாக்குமூலத்தைப் படித்துவிட்டேன், இன்ஸ்பெக்டர் சார். கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். இரண்டாம் பக்கத்தில், என் 'அலட்சியத்தால்' மூவர் இறந்ததாக இருக்கிறது. அதை அடித்துவிட்டு, தெரிந்தே செய்தேன் என்று எழுதுங்கள். வேலையில் நான் ஒரு நாளும் அலட்சியமாக இருந்ததில்லை.