பெல்ட்டை இழுத்துக் காட்டிய மிஸ் லியோன்டீன் கில்லரிக்கு

நுரையும் நீரும் நெடுங்காலம் ஆண்டவரே! நாளொன்றுக்கு இருபத்திரண்டு வண்டிகளை அழுக்கோடு வாங்கி அழகோடு அனுப்பியவரே! லேக் சார்ல்ஸ் நகரத்து நெடுஞ்சாலையோரம் விற்பனைக்கு நிற்கும் எந்தக் காரைப் பார்த்தாலும் எங்கள் நினைவுக்கு வருபவரே! எங்கள் மிஸ் லியோன்டீன்! முப்பத்தோராண்டுப் பணி முடித்து இன்று குழாயை மூடும் தங்களுக்கு, கழுவுமிடத்துத் தோழர்கள் வாசித்தளிக்கும் மடல் இது.

இதை நம் கார் ஷோரூமின் குளிர்ந்த காற்றில், கேக் வெட்டி வாசித்திருக்க வேண்டும். ஆனால் பின்கட்டில், கவிழ்த்த வாளிகளின் மேல் உட்கார்ந்து, பூடான் என்னும் அரிசித் தொத்திறைச்சியைத் தின்றுகொண்டு வாசிக்கிறோம். காரணம் இம்மடலில் உள்ள ஒரு பத்தி. அதற்கு முன் தங்கள் தொழில்மாண்பைச் சொல்லிவிடுகிறோம். வரிசை தவறினால் தங்களுக்குப் பிடிக்காது.

கூரையில் தொடங்கிச் சக்கரத்தில் முடிப்பதே கழுவல் என்றீர்கள். தரையில் விழுந்த துணி எத்தனை உயர்ந்த துணியானாலும் அதன்பின் சக்கரத்துக்குத்தான், பெயிண்டைத் தொடக்கூடாது என்றீர்கள். யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் ஒருநாள் தாங்களே ஒரு புத்தம்புதுத் துணியை நழுவவிட்டு, மனமில்லாமல் அதைச் சக்கர வாளியில் போட்டதை எங்களில் ஒருவரான வில்மர் பார்த்திருக்கிறார். மே மாதமும் செப்டம்பரும் ஜோடி ஜோடியாய் வந்து வண்டி முகப்பில் அப்பிக்கொள்ளும் கறுப்புப் பூச்சிகளை, அவை பெயிண்டை அரிப்பதற்குள் ஊறவைத்து எடுக்கும் பொறுமை தங்களுடையது. வியாழன்தோறும் விற்பனைக்கு முற்றத்தில் நிற்கும் வண்டிகள் இருநூற்றெண்பதையும் எங்களோடு சேர்ந்து நீரடித்துக் கழுவிவிட்டு, கடைசி வண்டியை மட்டும் இன்னொரு முறை துடைப்பீர்கள். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

இனி அந்தப் பத்தி.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், புயலடித்த வருடத்துச் செப்டம்பரில், வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் நாற்பத்தொன்று அடிமாட்டு விலைக்கு ஏலத்திலிருந்து வந்திறங்கின. சேறும் நாற்றமும் தெரியாமல் கழுவச் சொன்னார் மேலாளர் டிராஹான். கழுவினீர்கள், கழுவுவது நம் வேலை. ஆனால் தண்ணீரே காணாத வண்டிகள் என்று அவை விற்பனைக்கு நின்றபோது தங்களுக்குப் பொறுக்கவில்லை. மூழ்கிய வண்டி மோதும்போது காற்றுப்பை விரியாமலே போகலாம் என்பது கழுவுகிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை, பள்ளிப் பேருந்து ஓட்டும் டார்லீன் என்ற பெண், இடுப்பில் குழந்தையோடு, ஷோரூமில் நின்ற ஒரு வெள்ளி நிற வண்டியை வாங்கக் கையெழுத்துப் போடக் குனிந்தார். நமக்கு ஷோரூமுக்குள் அனுமதி இல்லை. தாங்கள் ஈர பூட்ஸோடு உள்ளே போனீர்கள். ஓட்டுநர் இருக்கையின் பெல்ட்டைப் பிடித்து, கடைசி முழம் வெளியே வரும்வரை இழுத்தீர்கள். யாரும் இழுத்துப் பார்க்காத அந்த முழத்தில் சேறு காய்ந்து கிடந்தது. டார்லீன் பேனாவைக் கீழே வைத்தார். மற்ற எல்லாவற்றையும் கழுவிய தாங்கள், நாற்பத்தொரு வண்டியிலும் அந்த ஒரு முழத்தை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தீர்கள் என்பது எங்களுக்கே அன்றுதான் தெரிந்தது.

"வாளி தூக்குறவளுக்கு இங்க என்ன வேலை? இப்பவே வெளிய போ," என்றார் டிராஹான்.

"போறேன் சார். ஆனா கார்பெட்ட அலசுனது நான். அந்த வண்டிக்குள்ள எம்புட்டுத் தண்ணி நின்னுதுன்னு இங்க வேற யாருக்குத் தெரியும்?" என்றீர்கள்.

தாங்கள் வெளியேறினீர்கள், குழாயை மூடிவிட்டு நாங்களும் பின்னால் வந்தோம். அது பூச்சிக்காலம். நான்கே நாளில் முற்றத்து வண்டிகளின் முகமெல்லாம் கறுத்து, பெயிண்ட் அரிபடத் தொடங்கியது. ஐந்தாம் நாள் முதலாளியே தங்கள் வாசலுக்கு வந்தார். தாங்கள் கூலியை உயர்த்தக் கேட்கவில்லை. 'வெள்ளத்தில் நனைந்தது' என்ற அட்டை நாற்பத்தொரு வண்டியின் கண்ணாடியிலும் தொங்க வேண்டும் என்றீர்கள். தொங்கியது.

பத்தி முடிந்தது. சென்ற செவ்வாயன்று இம்மடலைக் கேட்டு வாங்கிப் படித்த மேலாளர் டிராஹான், அந்தப் பத்தியைச் சிவப்பு மையால் அடித்துத் திருப்பித் தந்தார். அடித்ததை விட்டுவிட்டு வாசித்தால் ஷோரூமும் உண்டு, கேக்கும் உண்டாம். சேர்த்து வாசித்தால், அடியில் பெயர் போட்ட எவருக்கும் திங்கட்கிழமை வேலை இல்லையாம். எங்களைப் போன்ற ஒப்பந்த ஆட்களை நீக்கக் காரணமே தேவையில்லையாம். செய்தி தங்கள் காதுக்கு வந்ததும் எங்களைக் கூப்பிட்டு, "அத எடுத்துடுங்கப்பா. என் வேலை முடிஞ்சிருச்சு. உங்க வீட்டுல அடுப்பு எரியணும்," என்றீர்கள்.

மன்னியுங்கள், மிஸ் லியோன்டீன். முப்பத்தோராண்டில் தங்கள் சொல்லை நாங்கள் தட்டுவது இதுவே முதல் தடவை. அதை எடுத்தால் மிஞ்சுவது சோப்பும் துணியும். அவற்றைப் புகழ விளம்பரத் தாள் இருக்கிறது, மடல் எதற்கு? பயமில்லை என்று சொன்னால் அது பொய். மெருகு போடும் தியூவுக்கு மூன்று நாளாய்ச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அந்தப் பத்தியைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொண்டுவந்தவர் அவர்தான்.

முட்டிவலி நீங்கி, முதுகு நிமிர்ந்து, விரலிடுக்கின் வெடிப்பெல்லாம் ஆறி, தாங்கள் நூறாண்டு நலமோடு வாழ்க! முப்பத்தோராண்டாய்க் கழுவ நேரமின்றிக் கிடக்கும் தங்கள் சொந்த வண்டியை மாதம் ஒருமுறை நாங்கள் வந்து கழுவித் தருவோம். குறை சொல்லத் தங்களுக்கு முழு உரிமை உண்டு.

இத்தகைய மடல்களின் அடியில் 'பணியாளர்கள்' என்று பொதுவாகப் போடுவது வழக்கம். அப்படிப் போட்டால் திங்கட்கிழமை யாரை நீக்குவது என்று மேலாளர் தடுமாறிப்போவார். அந்தச் சிரமம் அவருக்கு வேண்டாம்.

கர்டிஸ் ஆர்சனோ, நுரையும் கழுவலும்
வில்மர் செலாயா, உட்புறச் சுத்தம்
தியூ லியென் ஃபாம், மெருகு
டெல்ஃபின் புரூசார், முற்றத்து வரிசை

(வாசித்து முடிந்தபின், அச்சுக்குக் கீழே பேனாவால் எழுதப்பட்டது)

எடம் இருந்தா என் பேரும். கிளிஃப்டன் ரோமெரோ, ஷோரூம் விற்பனை. அன்னைக்கு டார்லீன் கையில பேனாவைக் குடுத்தது நான்தான்.