பாதை மூடப்பட்டுள்ளது

— மாமா, வண்டிய நிறுத்து! எங்க இருக்கியோ அங்கயே நிறுத்து!

— மெதுவா கத்து மாப்ள. போன் ஸ்பீக்கர்ல இருக்கு. பின்னாடி வேன் பூரா தூங்குது. எழுப்பி விட்டுடாதே.

— எழுப்பு. எல்லாரையும் எழுப்பு. ஏரிக்குப் போற பாதை போச்சு மாமா. நம்ம வளைவு தாண்டினதும் ரோடே இல்ல. பாறை சரிஞ்சு ரோட்டையும் சேத்து இழுத்துட்டுப் போயிருச்சு.

— ஆகா! "பாறை சரிஞ்சிருச்சு சார், வேலை நடக்குது சார், இன்னொரு நாள் வாங்க சார்." இந்த வசனத்தை உனக்கு எழுதிக் குடுத்ததே நான்தான் ராசா. எனக்கே ஓட்டிக் காட்டுறியா?

— வசனம் இல்ல மாமா. நிஜம்.

— நிஜம்னு சொல்றப்போ மூஞ்சியைக் கொஞ்சம் சோகமா வச்சுக்கணும். போன மாசம் ஒரு புதுஜோடியத் திருப்பி அனுப்பினியே, அப்ப பிரமாதமா நடிச்சே. அந்தப் பொண்ணு உன்மேல பரிதாபப்பட்டு தண்ணி பாட்டில் குடுத்துட்டுப் போச்சு.

— அதை ஏன் இப்ப எடுக்கறே?

— ஏன்னா தூக்கம் வருது. விடியறதுக்கு முன்னாடியே ஸ்டியரிங்கைப் பிடிச்சவன். யார்கூடயாவது பேசிட்டே வந்தாத்தான் கண்ணு திறந்திருக்கும். உனக்கு என்ன, இப்படி மூச்சு வாங்குது?

— ஒண்ணுமில்ல. மாமா, வேகத்தைக் குறை. இஞ்சின் சத்தம் எனக்குக் கேக்குது.

— நேத்து முதலாளிகூட மல்லுக்கு நின்னியாமே? "இனிமே யாரையும் பொய் சொல்லி விரட்ட மாட்டேன்"னு குதிச்சியாம். உங்க அக்கா ராத்திரி பூரா அதைச் சொல்லியே என்னைத் தூங்க விடல. அதுக்குத்தான் இந்த நாடகமா?

— அது வேற, இது வேற. அலுத்துப்போச்சு மாமா, அதான் கத்தினேன். கைக்குழந்தையோட வர்றாங்க. அவ்வளவு தூரம் மலையேறி வந்துட்டு, என் பேச்சை நம்பித் திரும்பிப் போறாங்க. பின்கண்ணாடி வழியா பசங்க டாட்டா காட்டுது. நானும் கையாட்டுறேன்.

— எனக்கு மட்டும் அலுக்கலையா? ஒவ்வொரு தடவையும் அதே ஏரியைப் புதுசாக் கண்டுபிடிக்கிறேன். "அடடா, நமக்கு முன்னாடி யாருமே வரல போலிருக்கே!"னு வாயைப் பிளக்கணும். புல்லரிக்குதுன்னு கையைத் தூக்கிக் காட்டணும். காட்டிக் காட்டி கையில முடியே உதிர்ந்து போச்சு.

— மாமா, கும்பிட்டுக் கேக்கறேன்.

— கும்பிடு போடறது போன்ல தெரியாது. வேற ஏதாவது பார்ட்டிய உள்ள விட்டுட்டியா? அதை மறைக்கத்தான் என்னைத் திருப்பப் பாக்கறியா?

— யாரையும் விடல. காலையிலயே பலகைய வச்சுட்டேன்.

— டிரைவர் சார்.

— மேடம்! முழிச்சிட்டீங்களா? இன்னும் கொஞ்ச தூரந்தான் மேடம்.

— நான் தூங்கவே இல்லை. கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன். என்ன பலகை அது?

— குடும்ப விஷயம் மேடம். என் மச்சினன். கொஞ்சம் விளையாட்டுப் பிள்ளை.

— அம்மா, நீங்களாவது கேளுங்க! வளைவுல "பாதை மூடப்பட்டுள்ளது"ன்னு ஒரு பலகை இருக்கும். அதை வைக்கிறது நான்தான். மத்த வண்டியெல்லாம் அதைப் பாத்துட்டுத் திரும்பிடும். எங்க கம்பெனி வண்டி மட்டும் சுத்திக்கிட்டு உள்ள வரும். அதனாலதான் ஏரியில கூட்டம் இருக்கறதில்ல.

— டேய், வாயை மூடுறா! என் பொழப்புல மண்ணைப் போடாதே!

— அப்போ "யாருக்குமே தெரியாத ஏரி"ன்னு விளம்பரம் போட்டீங்களே?

— ஊருக்கே தெரியும்மா. நாங்கதான் விடறதில்ல.

— பாருங்க, நான் வாழ்க்கை பூரா பேங்க் கவுண்டர்ல உக்காந்து வரிசையைப் பாத்தவ. ரிடையர் ஆனதுலேர்ந்து ஆளில்லாத இடமாத் தேடி அலையறேன். போன தடவை ஒரு மலைக்குப் போனோம். தனியா உக்கார ஒரு பாறை, அதுல உக்கார டோக்கன்! இங்கயாவது நிம்மதியா இருக்கும்னு வந்தா, எனக்காகக் குழந்தை குட்டிகளை எல்லாம் விரட்டியிருக்கீங்க.

— ஏரி நிஜம் மேடம். அந்த அமைதியும் நிஜம். அதை உண்டாக்கற விதந்தான் கொஞ்சம் அப்படி இப்படி.

— அம்மா, திட்டறதை அப்புறம் வச்சுக்குங்க. இத்தனை நாளும் அந்தப் பலகை பொய். இன்னிக்கு நிஜம். வண்டிய நிறுத்தச் சொல்லுங்க.

— தம்பி, இத்தனை நாள் பொய் சொன்ன வாயை இன்னிக்கு மட்டும் எப்படி நம்பறது?

— நம்ப வேணாம்மா. பலகைகிட்ட இறங்கி உங்க கண்ணாலயே பாருங்க. ரோடு இருந்தா என்னைச் செருப்பால அடிங்க.

— டிரைவர் சார், நிறுத்துங்க.

— மேடம், இவன் முதலாளி மேல உள்ள கடுப்புல பேசறான். இதோ, வளைவு வந்தாச்சு. பலகை தெரியுது பாருங்க. ஓரமாச் சுத்திப் போனா ஏரி.

— நிறுத்துங்கன்னு சொல்றேன். இல்லேன்னா ஓடுற வண்டியிலயே கதவைத் திறப்பேன். எனக்கு ரெண்டு முட்டியும் ஆபரேஷன் பண்ணினது. விழுந்தா உங்க கம்பெனி வாசல்லதான் கட்டில் போட்டுப் படுப்பேன்.

— ஐயோ, கையை எடுங்க மேடம்! நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன். போதுமா மாப்ள? பலகைக்கு முன்னாடி நிக்கறேன். திருப்தியா?

— இஞ்சினை அணை.

— அணைச்சாச்சு.

— சாவிய அம்மாகிட்ட குடு.

— நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா?

— குடு மாமா. என்னால ரொம்ப நேரம் பேச முடியல.

— குடுங்க சார். தம்பி, வாங்கிக் கைப்பையில போட்டு ஜிப்பை இழுத்துட்டேன்.

— எல்லாரையும் இறக்கிடுங்கம்மா.

— இறங்கிட்டாங்க. கண்ணைக் கசக்கிக்கிட்டு "இதான் ஏரியா?"ன்னு கேக்கறாங்க. ஒருத்தர் பலகையைப் போட்டோ எடுக்கறார்.

— யாரும் பலகையைத் தாண்டாமப் பாத்துக்குங்க. மாமா, போனைக் கையிலயே வச்சுக்கோ.

— டிரைவர் சார், இங்கிருந்தே தெரியுது. ரோட்டு நடுவுல போட்ட வெள்ளைக் கோட்டைப் பாருங்க. கோடு வருது, வருது, அப்புறம் ஆகாசந்தான் இருக்கு.

— மாப்ள...

— பாத்தியா?

— பாத்தேன்டா. அந்தப் பக்கமாத்தான் சுத்திப் போகலாம்னு இருந்தேன். எல்லாரையும் கொண்டுபோய்க் கவுத்திருப்பேன். உங்க அக்கா மூஞ்சியில எப்படிடா முழிப்பேன்?

— விடு மாமா. நம்ம பேச்சை நாமளே நம்பறதில்ல.

— சரி, வெளிய வா. எங்க உக்காந்திருக்கே? இங்க உன் ஸ்டூல் இருக்கு, குடை இருக்கு, ஆளைக் காணோம்.

— அம்மா, மாமா கையைப் பிடிச்சுக்குங்க.

— பிடிச்சுக்கிட்டேன் தம்பி. ஏன்?

— எங்கடா இருக்கே?

— முதல்லயே சொல்லியிருந்தா நீ நின்னிருக்க மாட்டே மாமா. அத்தனை பேரையும் வண்டியில வச்சுக்கிட்டு, என்னைத் தேடிப் பறந்து வந்திருப்பே. எனக்கு உன்னைத் தெரியாதா?

— மாப்ள, விளையாடாதே. எங்க இருக்கே, சொல்லு!

— ஓரத்துல நிக்காதே. குப்புறப் படுத்து, மெதுவா எட்டிப் பாரு. நேத்து வந்த பார்ட்டி ஏரிக்கரையில போட்டுட்டுப் போன குப்பையைப் பொறுக்க நடந்து போயிட்டிருந்தேன். ரோடு விழுந்தப்போ நான் அதுமேலதான் இருந்தேன்.