மூன்று மணிக் காவல்

– மணி என்ன ஆச்சு, ஆர்கிரோ?

– இப்பத்தானய்யா கேட்ட! ஒண்ணு இருபது. அக்ரோபோலிஸ் மலையேறி வந்தவன் தூணைப் பாக்கணும், என் கைக்கடிகாரத்தை இல்ல.

– தூண் எங்க ஓடிப்போகுது? முப்பத்தோரு வருசத்துக்கு முந்தி வந்தப்பவும் இப்படித்தான் சாரம் கட்டி வச்சிருந்தானுங்க. இன்னும் பிரிக்கல.

– அதையாவது ஞாபகம் வச்சிருக்கியே, தீமியோஸ். கல்யாணமாகி நாலு நாள். என் செருப்புக் குதி ஒடைஞ்சது இந்தப் பளிங்குலதான். கீழ வரைக்கும் முதுகுல சுமந்துக்கிட்டு எறங்கின.

– அன்னிக்கு நீ அம்பத்திரண்டு கிலோ.

– இன்னிக்கு?

– இன்னிக்கு பஸ்ஸுதான் வைக்கணும். முப்பது வருசம் கார்பெனிசி மலைப்பாதையில பஸ் ஓட்டினவன் நான், கேட்டியா, லோடைப் பாத்தாலே சொல்லிடுவேன்.

– வாய்க்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல. கண்ணுதான் போச்சு. படியைப் பாத்துக் காலை வை. புரை முத்திக் கெடக்கு, கண்ணாடியை எடுத்துக்கோன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பெட்டியிலயே வச்சிட்டு வந்திருக்க.

– மார்ச்சுல ஆபரேசன் பண்ணிக்கிறேன்னு சொல்லிட்டேன்ல. மணி என்ன?

– ஒண்ணு இருபத்திரண்டு! இந்தா பாரு, என்கிட்ட மறைக்காத. ஏதன்ஸைச் சுத்திக் காட்டுறேன்னு கூட்டியாந்த. பழைய ஸ்டேடியத்துல அஞ்சு நிமிசம். மியூசியத்துல ஏழு நிமிசம். எந்தத் தெருவுல நொழைஞ்சாலும் கடைசியில பார்லிமென்ட் முன்னால கொண்டுபோய் நிறுத்துற.

– ரூட்டு அப்படி.

– ரூட்டு அப்படியா, மனசு அப்படியா? வியாழக்கிழமை சாயங்காலம் நம்ம சோட்டிரிஸ் எங்கிட்ட போன்ல பேசினப்ப கதவுக்குப் பின்னால நின்னு கேட்டவன் யாரு? 'ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு நான் அங்கதாம்மா இருப்பேன்'னு அவன் சொன்னது உன் காதுல விழல?

– டிரைவருக்குக் காது கூர்மையா இருக்கணும், அதான்.

– மாதாவே! பெத்த புள்ளகிட்ட ஒம்போது மாசமா பேச்சில்ல. ராணுவத்துல ஆறடி ரெண்டங்குலம்னு அளந்து பாத்து, நானூறு மடிப்பு வெள்ளை உடுப்பும் குஞ்சம் வச்ச செருப்பும் குடுத்து, பார்லிமென்ட் முன்னால காவலுக்கு நிறுத்தியிருக்காங்க. நம்ம ஊரே பஸ் ஏறி வந்து படம் எடுத்துட்டுப் போச்சு. பஸ் ஓட்டினவன் மட்டும் வரல.

– இப்ப வந்திருக்கேன்ல.

– அதுக்கு இத்தனை சுத்தா? போன்லயே ரெண்டு வார்த்தை பேசியிருந்தா என்ன?

– போன்ல நான் ஒண்ணு சொன்னா அவன் ரெண்டு சொல்லுவான். அப்புறம் எனக்குப் பிரேக் பிடிக்காது, உனக்குத் தெரியாதா? அங்க காவல் நிக்கிறப்ப அவன் வாயைத் தெறக்கக் கூடாது. தலையைக்கூடத் திருப்பக் கூடாது. நான் சொல்ல வந்ததை முழுசாச் சொல்லி முடிச்சிடலாம்.

– அடப்பாவி மனுசா! வாயைக் கட்டிப்போட்டுத்தான் புள்ளகிட்டப் பேசுவியா?

– வேற வழி எனக்குத் தெரியல, ஆர்கிரோ. இன்னும் பதினோரு நாள்ல அவன் சர்வீஸ் முடியுது. ஊருக்கு வரமாட்டான். நேரா மெல்போர்ன், உன் தம்பி கடைக்கு. அதையும் கேட்டேன்.

– அதையுமா கேட்ட? நான் எப்படிச் சொல்றதுன்னு மூணு வாரமா முழுங்கிக்கிட்டு இருந்தேன். சரி, எறங்கு. கையைக் குடு.

– மெதுவா வா. நேரம் இருக்கு.

– இப்பத்தான் நேரம் இருக்காம்! இந்தத் தெருவு ஞாபகம் இருக்கா? இதே நாரத்தை மரம். அன்னிக்கும் தரை பூரா பழம் விழுந்து கெடந்துச்சு. சோட்டிரிசுக்கு ஏழு வயசு. எள்ளு தூவின வளைய ரொட்டி வாங்கிக் குடுத்த.

– பாதியைப் புறாவுக்குப் போட்டுட்டான்.

– முழுசையும் போட்டான். நீ உன்னோடதைக் குடுத்த, அதையும் போட்டான். அப்புறம் காவக்காரன் முன்னால போய் அவனாட்டமே வெறைச்சு நின்னுக்கிட்டான். முக்கால் மணி நேரம்! நீ கெஞ்சின, கிச்சுகிச்சு மூட்டின, ஐஸ்கிரீம்னு ஆசை காட்டின. ஒண்ணுத்துக்கும் மசியல.

– கடைசியில ஒரு கேள்வி கேட்டானே. 'அப்பா, இவருக்கு அழுகை வந்தா எப்படித் தொடைச்சுக்குவாரு?'

– நீ என்ன சொன்ன? எனக்கு மறந்துபோச்சு.

– எனக்கு மறக்கல. 'அதோ பச்சை உடுப்புல இன்னொரு சிப்பாய் நிக்கிறாரு பாரு. வேர்வையோ கண்ணீரோ, அவரு வந்து தொடைச்சுவிடுவாரு'ன்னேன். அதைக் கேட்டப்புறம்தான் அந்த எடத்தை விட்டு அசைஞ்சான். எந்தோள்ல ஏறினவன் பஸ்ஸு வரைக்கும் தூங்கிட்டே வந்தான். அந்தக் கனம் இன்னும் இந்தத் தோள்ல இருக்கு, ஆர்கிரோ.

– அழாதய்யா. சதுக்கம் வந்தாச்சு. மூக்கைச் சிந்திக்கோ.

– யாரு அழறா? புரை வந்தா கண்ணுல தண்ணி வரும். ஆளு மாத்திட்டானுங்களா?

– இப்பத்தான் மாத்தினாங்க. மூணு அடிச்சிடுச்சு. கூட்டத்துல இடிச்சுக்காத.

– வலது பக்கக் கூண்டு. அந்தா நிக்கிறான் பாரு, என் ராசா! அந்தத் தோளைப் பாரு. எங்கப்பாவோட தோள். கூட்டத்துல நூறு பேரு நின்னாலும் எனக்குத் தெரியும்.

– ஏய்யா, கொஞ்சம் இரு, அது…

– நடுவுல பேசாத. இப்ப ஆஃப் பண்ணினா மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

– இல்லய்யா, அந்தப் பக்கம் நிக்கிற சிப்பாயை… மாதாவே!

– என்ன, கிட்டப் போகாதேங்கிறானா?

– இல்ல… சத்தம் போடாதேன்னு எனக்குச் சைகை காட்டுறான். சரி. நான் வாயைத் தெறக்கல. நீ பேசு.

– சோட்டிரிஸ். நான்தான்டா, அப்பா. நீ திருப்பிப் பேச முடியாதுன்னு தெரிஞ்சுதான் வந்திருக்கேன், கேட்டியா. ஈஸ்டர் அன்னிக்கு மேசையைச் சுத்திப் பதினெட்டு பேரு. வெளிய ஆட்டுக்குட்டி வெந்துக்கிட்டு இருக்கு. மருந்தாளர் படிப்பை விட்டுட்டேன்னு நீ சொன்ன. பட்டத்தோட வா, இல்லாட்டி என் மேசையில ஒக்காராதேன்னு நான் கத்தினேன். அதுக்குக்கூட நீ கோவிச்சுக்கல. செவப்பு முட்டையை எடுத்து எங்கிட்ட நீட்டின, வருசா வருசம் நாம ரெண்டு பேரும் மோதி ஒடைப்போமே, அப்படி. நான் என் கையை மேசைக்கு அடியில வச்சுக்கிட்டேன்.

– சொல்லு. மேல சொல்லுய்யா.

– நீட்டின கை அப்படியே நின்னுச்சு. எல்லாரும் பாத்தாங்க. நீ முட்டையை மெதுவா வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்ட. அந்தக் கைதான்டா எனக்கு ஒவ்வொரு வளைவுலயும் முன்னால வந்து நிக்குது. நான் ஆறாவது தாண்டாதவன். மருந்துக்கடையில வெள்ளைக் கோட்டு போட்டவன் முன்னால தொப்பியைக் கழட்டிக்கிட்டு நின்னவன். அந்தக் கோட்டுல உன்னைப் பாக்கணும்னு ஆசை. அது என் ஆசை. கொண்டுபோய் உன் தலையில ஏத்திட்டேன். தப்பு எம்மேலதான். படிப்பு கெடக்குது, விடு… ஆர்கிரோ, அவன் கேட்டுக்கிட்டு இருக்கானா? மூஞ்சி மங்கலாத் தெரியுது.

– ஒரு வார்த்தை விடாமக் கேக்குறான். நான்தான் பாத்துக்கிட்டே இருக்கேனே.

– மெல்போர்ன் போ, வேண்டாங்கல. போறதுக்கு முன்னால ஒரேயொரு தடவை வீட்டுக்கு வந்துட்டுப் போடா. என் மேசையில வந்து ஒக்காரு. அன்னிக்கு நீ வச்சிட்டுப் போன முட்டையை உங்கம்மா மாதா படத்துக்கிட்ட பத்திரமா வச்சிருந்தா. இந்தா, கோட்டுப் பாக்கெட்டுல எடுத்தாந்திருக்கேன்.

– நீதானா அது! நான் பூனையைப் போட்டு அடிச்சேனே!

– சும்மா இரு, ஆர்கிரோ. அவன் கன்னத்துல என்னமோ மின்னுது. அழறானா?

– அழறான்யா. தாடை வரைக்கும் வழியுது.

– அவன் கையை அசைக்கக் கூடாது! யாராவது தொடைச்சு விடுங்கய்யா! அந்தப் பச்சை உடுப்புக்காரன் எங்க?

– வந்துட்டான். இந்தா, உனக்கு முன்னாலதான் போறான். தொடைக்கிறான். மெதுவா, நல்லாத் தொடைக்கிறான்.

– தம்பி, ரொம்ப நன்றிப்பா. நீ யாரு பெத்த புள்ளயோ, நல்லா இருக்கணும்.

– இவன் பானோஸ், அப்பா. இவங்க அப்பா தவறி ஆறு மாசம்தான் ஆகுது, அதான் தாங்கல. இன்னிக்குத் தொடைச்சுவிடுற வேலை எனக்கு. இப்படித் திரும்பு, உன் கண்ணையும் தொடைக்கணும்.