டக்ளஸ் சார் குடுத்த ராணி

— அந்த யானைய அங்க வெக்காத பிலோ. இந்தக் கட்டம். ஆங், அதான். டக்ளஸ் சார் வெள்ளை, உன் புருசன் கறுப்பு, பாத்துக்கோ.

— கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க. ஜன்னல மறைக்காதீங்க. எனக்குத் தெரு தெரியணும்.

— தெருவுல இன்னா கீது? க்ளப்பு செஸ் கப்பு நம்ம ஸ்கெலட்டன் லைன் வூடுங்களுக்கு வந்துக்கீது, அத்தப் பாரு மொதல்ல. எத்தினி வருசமா அந்தாளுகிட்ட அடி வாங்கிக்கினு கீறேன்! இன்னிக்கி ஃபைனல்ல சாய்ச்சிட்டேன் பாத்துக்கோ.

— சந்தோசம்தாங்க. பையனும் வந்துட்டான்னா முழு சந்தோசம். மைன்ஸுல டே ஷிஃப்ட் உட்டு எப்பவோ ஆச்சி. எதிர் வூட்டு முனிரத்தினமும் வரல. அவங்கம்மா வாசல்லயே நிக்கிறாங்க.

— ரெண்டும் சேந்து ராபர்ட்சன்பேட்டைக்கு சினிமாவுக்குப் போயிருக்கும். வாலிபப் பசங்க.

— கீழ போட்டுக்கினு போன அழுக்குத் துணியோடவா?

— அப்போ ஆளுங்கள மேல ஏத்தற கேஜ் மாட்டிக்கினு நிக்குதோ இன்னாவோ. மூடப்போற மைன்ஸு, எவன் எண்ணெய் போடறான்?

— மத்தியானம் பூமி குலுங்கிச்சேங்க. அலமாரித் தட்டெல்லாம் கீழ வந்துடிச்சி. மாதா படங்கூட சாஞ்சிடிச்சி.

— கீழ பாறை வெடிச்சா மேல தட்டு வுழும். இன்னிக்கி நேத்தா வுழுது? க்ளப்புலயும் போர்டு ஆடி, காயெல்லாம் உருண்டு ஓடிச்சி. ஒருத்தன் எழுந்து நிக்கல. பொறுக்கி வெச்சோம், ஆடினோம். அவ்ளோதான்... தண்ணி குடு, இருமல் வருது.

— இந்தாங்க. மெதுவா. பேசாம இருங்க கொஞ்சம்.

— இந்த நெஞ்சுதான் என்ன முன்னாடியே பென்சன்ல தள்ளிச்சி. போவட்டும். எனக்கு பதிலா பையனுக்கு வேல கெடச்சிதே. என் டோக்கன் நம்பரையே அவனுக்குக் குடுத்தாங்க, எவனுக்குக் கெடைக்கும் அந்த கௌரவம்?

— எனக்கு அது அன்னிக்கே புடிக்கல. வேற நம்பர் கேளுடா வின்னின்னேன்.

— நம்பர்ல இன்னாடி கீது? எறங்கறப்போ டோக்கன எடுத்துக்கினு போறான், மேல வந்தா ஆணியில மாட்டறான். எந்த ஆணி காலியா கீதுன்னு பாத்தா எவன் கீழ கீறான்னு தெரிஞ்சிடும். அதுக்குத்தான் அது. வுடு, ஆட்டத்தப் பாரு.

— பாக்கறேன், சொல்லுங்க.

— என் ராஜா மூலையில. முன்னாடி மூணு சிப்பாய். என் யானைங்க ரெண்டும் அந்தப் பக்கம் சிப்பாய் திங்கப் போயாச்சி. அவர் ராணி நடுவுல, அவர் யானை இந்த வெத்து வரிசையில. அடுத்து அவர் ஆடணும். பூமி குலுங்கினது இந்த நேரத்துலதான். அதுக்கு அப்பால, ராணியத் தூக்கிக் கொண்டாந்து என் குதிரை வாயில வெச்சார் பாரு! டபக்குன்னு தின்னுட்டேன். ரெண்டு மூவ் ஆடிட்டு, போதும்னு கை குடுத்துட்டார்.

— இருங்க. இந்த யானைய நேரா கடைசிக் கட்டம் வரைக்கும் கொண்டு போயிருந்தா?

— எந்த யானைய?

— அவரோடத. இங்க வெச்சா செக்கு. உங்க ராஜாவுக்கு ஓட வழியில்ல, உங்க சிப்பாயே அடைச்சிக்கினு நிக்குது. குறுக்க வெக்கவும் ஒண்ணும் இல்ல. மேட்தானேங்க?

— ...யார் உனக்கு இவ்ளோ கத்துக்குடுத்தது?

— வின்னிதான். மேட்தானே, சொல்லுங்க.

— ஆமாண்டி. மேட். ஒரே மூவ்ல... பொறுக்கி வெக்கறப்போ காய் மாறிடிச்சி போல. இந்த யானை இங்க இருந்திருக்காது.

— பொறுக்கி வெச்சது யாரு?

— அவர்தான். அவருக்கு போர்டு மொத்தம் மனப்பாடம். "சரியா மேன், சரியா மேன்"னு ஒவ்வொண்ணா கேட்டுக்கினே வெச்சார். கடைசியா இந்த யானைய வெச்சிட்டு என்னப் பாத்து சிரிச்சார்கூட. "ஜெபம் பண்ணிக்கோ மேன்"னார்.

— அப்போ மேட் அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

— தெரிஞ்சவர் ஏன் ராணியக் குடுக்கறார்?

— அதான் கேக்கறேன். சிரிச்சதுக்கும் ராணியக் குடுத்ததுக்கும் நடுவுல இன்னா நடந்திச்சி?

— ஒண்ணும் நடக்கல. ஃபோன் வந்திச்சின்னு வாட்ச்மேன் கூப்ட்டான். போனார், வந்தார், ஆடினார்.

— எங்க இருந்து ஃபோனு?

— மைன்ஸு ஷாஃப்ட்ல இருந்துதான். அவர் ஷிஃப்ட் பாஸு ஆச்சே, லீவுலயும் கூப்புடுவாங்க... ஏய், இன்னா அப்டிப் பாக்கற?

— மாதாவே.

— சும்மா இரு பிலோ! கெட்ட சேதின்னா மூஞ்சிக்கு நேரா ஒக்காந்துக்கினு சொல்லாம இருப்பாரா மனுசன்? அவசரம்னா அந்த மேட்ட வெச்சி முடிச்சிட்டு ஓடியிருக்கலாமே. எதுக்குத் தோக்கணும்?

— ஜெயிச்சிருந்தா நீங்க வுட்டிருப்பீங்களா? தோத்தவன் கேட்டா இன்னொரு ஆட்டம் குடுத்தே ஆவணும், ஃபைனலானாலும். அதானே உங்க க்ளப்பு வழக்கம்? "இன்னொண்ணு சார், இன்னொண்ணு சார்"னு இருட்டற வரைக்கும் ஒக்காருவீங்களே. உங்கள எழுப்பி வூட்டுக்கு அனுப்பணும்னா அவர் தோத்தாத்தான் முடியும். எனக்கு பயமா இருக்குங்க.

— கை குடுத்தவர் கைய வுடவே இல்ல. "நேரா வீட்டுக்குப் போ மேன்"னார். தோத்த கடுப்புன்னு நெனச்சேன். நான்தான் கப்பத் தூக்கிக்கினு பஜார்ல எல்லாருக்கும் காட்டிட்டு, வின்னிக்கு ஜிலேபி வாங்கிக்கினு...

— ஜிலேபி இருக்கட்டும். ஃபோன் பேசிட்டு வந்து ஒக்காந்தார் இல்ல? ராணியத் தொடறதுக்கு முன்னாடி எதாச்சும் கேட்டாரா?

— இல்லியே.

— நல்லா யோசிங்க. உங்க கால்ல வுழறேன்.

— ஆட்டத்துக்கு சம்பந்தம் இல்லாதது ஒண்ணு கேட்டார். என் பழைய டோக்கன் நம்பர சொல்லி, "அது இப்போ உன் பையன்கிட்டதானே இருக்கு மேன்?"னார். ஆமா சார்னேன் பிலோ... பெருமையா சொன்னேன்.