காதால் திறந்த பூட்டு

நகரப் பேருந்து காவிரிப் பாலத்தின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னிருக்கையில் அமர்ந்திருந்த இரு பெண்களுள் இளையவள் சொன்னாள்:

“டிவில பேய்ப்படத்துக்கெல்லாம் பின் நம்பர் போட்டுப் பூட்டுனேன். என் பொண்ணு அதைக் காதாலயே கண்டுபிடிச்சிட்டாக்கா.”

“காதாலயா?”

“ரிமோட்ட அழுத்துனா டிவில கட்டம் ஒவ்வொரு நம்பரா ‘டிக், டிக்’னு நகரும்ல? பக்கத்து ரூம்ல ஹோம்வொர்க் எழுதிக்கிட்டே எண்ணியிருக்கா. மூணு தடவ மாத்துனேன், மூணையும் திறந்துட்டா. பாத்துட்டுத் தனியாப் படுக்க மாட்டேங்குறா. பாத்ரூம் போறதுக்குக்கூட நான் துணைக்குப் போகணும்.”

“சத்தத்த நிறுத்தித் தொலைக்க வேண்டியதுதானே?”

“நிறுத்துனா உஷாராயிடுவாளே! அதான் முந்தாநாள், ‘இன்னிக்கு நம்பர மாத்தப் போறேன்’னு அவ காதுல விழற மாதிரி சொல்லிட்டு, சும்மா அங்கயும் இங்கயும் அழுத்தி வச்சேன். அவ எண்ணுன நம்பரப் போட்டுப் போட்டுப் பாத்து ஓஞ்சுட்டா. ரெண்டு நாளா தனியாத் தூங்குறாக்கா!”

மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

“புது நம்பர் என்னடி?”

“புதுசு ஏது? நான் மாத்தவே இல்லியே! கடைசியா அவ திறந்த அதே பழைய நம்பர்தான்.”

இருவரும் சிரித்த சிரிப்பில், நடத்துநர் ‘அம்மா மண்டபம்’ என்று இருமுறை கூவ வேண்டியதாயிற்று.