லூசிலின் மாத்திரைகள்

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது. வெளியே காத்திருப்பவர்களுக்குப் போட்டிருப்பவை அப்படியில்லை. பெரிய நாயைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அவற்றில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். உங்கள் விசாரணைக் குழு அதையும் கொஞ்சம் கவனித்தால் நல்லது.

நடந்ததை ஒளிக்காமல் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். என் பெயர் வெர்னன் ஸ்ட்ராட்மன். நெப்ராஸ்காவின் இந்தப் பக்கத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் ஃபுட்பால் நடந்தாலும் விசில் என் வாயில்தான் இருக்கும். முழங்கால் தேயும்வரை நடுவராக இருந்தவன். தங்கை மகன் முரட்டாட்டம் ஆடினான் என்று அவனையே மைதானத்தைவிட்டு அனுப்பியிருக்கிறேன். தங்கை இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நியாயம் எது என்று எனக்குத் தெரியும் என்பதற்காக இதைச் சொன்னேன்.

பிஷப் என் நாய், ராட்வைலர் ஜாதி. முன்னங்காலில் எலும்புப் புற்று வந்தது. காலை எடுத்தார்கள், ஊசி மருந்து ஏற்றினார்கள். அதற்குப் பிறகும் நோய் நுரையீரலுக்குப் போவதுதான் வழக்கம் என்று டாக்டர் லிண்ட்க்விஸ்ட் பூசி மெழுகாமல் சொன்னார். மனைவி போனபின், வீட்டில் நான் பேசினால் தலையைத் திருப்பிப் பார்க்கிற ஒரே ஜீவன் அவன்தான். அதனால் புது மருந்து ஒன்றைச் சோதிக்கிறோம், சேர்க்கிறீர்களா என்று டாக்டர் கேட்டதும் தலையாட்டிவிட்டேன்.

பாதி நாய்களுக்கு மருந்து, மீதிப் பாதிக்கு வெறும் மாவு. மாத்திரைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எந்த நாய்க்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. அப்போதுதான் மருந்து வேலை செய்கிறதா என்று நிச்சயமாகத் தெரியுமாம். அருமையான விதி என்று மனதாரப் பாராட்டினேன்.

டோலோரஸ் குச்சேராவை முதல்முறை பார்த்தது அந்தக் காத்திருக்கும் அறையில். கணவரை இழந்தவள். அவளுடைய லூசில், பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற கிரேஹவுண்டு. பின்னங்கால் ஒன்று போயிருந்தது. இரண்டு நாய்க்கும் மாத்திரை அளவு ஒன்று, வரச்சொன்ன நாளும் ஒன்று.

"உங்காளு ஒரு பக்கமா சாய்ஞ்சு நிக்கிறதப் பாத்தா, சனிக்கிழமை பாருக்குப் போயிட்டு வர்ற என் வீட்டுக்காரர் ஞாபகம் வருது" என்றாள்.

"உங்க பொண்ணு மட்டும் என்னவாம்? மூணு கால் முக்காலி கணக்கா நிக்கிறா."

"முக்காலிதான். ஆனா ஓட ஆரம்பிச்சா உங்காளு அவ வாலைக்கூடத் தொட முடியாது, தெரிஞ்சுக்கோங்க."

இப்படித்தான் பழகினோம். ஒவ்வொரு முறையும் தகர டப்பா நிறையக் கொலாச்சி சுட்டு எடுத்துவருவாள், நடுவில் ஆப்ரிகாட் ஜாம் வைத்த பன். அவள் கை மணத்தைப் பற்றி நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டாம் மாதம் லூசில் துள்ளிக்கொண்டு வந்தாள். பிஷப்போ சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துகொண்டிருந்தான். இரண்டொரு முறை வாந்தியும் எடுத்தான். எனக்குப் புரிந்துபோயிற்று. அவளுக்கு மருந்து, இவனுக்கு மாவு. மைதானத்தின் அந்தக் கோடியில் ஒரு பையனின் கால் கோட்டை மிதித்ததா என்று இங்கிருந்தே சொன்ன கண் இது.

வந்தவுடன் அந்த மாதத்து மாத்திரைப் புட்டியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பிறகு நாய்களை ஒவ்வொன்றாக உள்ளே கூப்பிட்டுப் படமெடுப்பார்கள். எப்போதும் லூசில்தான் முதலில்.

"வெர்னன், இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கோங்க. உங்காளு மூக்கை விட்டுடப் போறாரு."

"நிம்மதியா போயிட்டு வாங்க. நான் இருக்கேன்ல" என்றேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். என்னைத் தவிர வேறு யாரும் அந்தப் பையைத் தொடவில்லை. என் புட்டியிலிருந்த மாத்திரைகளைத் தொப்பியில் கொட்டி, அவளுடையதை என் புட்டியில் நிரப்பி, தொப்பியில் இருந்ததை அவள் புட்டியில் போட்டேன். தொப்பி துவைத்ததுதான்.

இதைத் திருட்டு என்று சொல்ல முடியாது. திருட்டென்றால் ஒருவருக்குக் குறைய வேண்டும். டோலோரஸின் புட்டி நிறைந்தேதான் இருந்தது. அதோடு, ஒரு மாதம் முழுக்க லூசில் மருந்து சாப்பிட்டுவிட்டாள். ஆட்டத்தின் நடுவே அணிகள் பக்கம் மாறிக்கொள்வதில்லையா? அந்தக் கணக்குப்படி அடுத்த மாதம் மாற்றாமல் விட்டிருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்தேன். ஆனால் லூசில் அப்போதும் துள்ளிக்கொண்டுதான் இருந்தாள். பழைய மருந்து உடம்பில் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தது. அதனால் மறுபடியும் மாற்றினேன். பிறகு அது வழக்கமாகிவிட்டது.

பலன் கண்கூடாகத் தெரிந்தது. பிஷப் தபால்காரரைப் பார்த்துக் குரைத்தான், கண்ணில் ஒளி வந்தது. டாக்டரிடம் சொன்னேன், குறித்துக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், லூசிலின் தோல் பளபளக்கிறது என்று டோலோரஸும் சொன்னாள். மாவும் சில உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

ஒவ்வொரு மாதமும் லூசில் வெளியே வந்ததும் அடுத்து என் முறை. என் பையை அவளிடம் விட்டுவிட்டு உள்ளே போவேன். திரும்பி வந்தால் டப்பாவை நீட்டுவாள். "நீங்க ரொம்ப நல்ல மனுஷன், வெர்னன்" என்பாள், தரையைப் பார்த்துக்கொண்டு. அந்தக் கூச்சத்துக்கு நான் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு புதுச் சட்டை ஒன்று வாங்கினேன். இதோ, இதுதான்.

இலையுதிர்காலத்தில் லூசிலின் நுரையீரலில் புள்ளிகள் தெரிந்தன. வண்டிகள் நிறுத்துமிடத்தில் டோலோரஸ் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"அவளுக்காகச் செய்யக் கூடாததெல்லாம் செஞ்சேன், வெர்னன். ஒண்ணும் உதவலையே."

"டோலி, இதெல்லாம் நம்ம கையிலயா இருக்கு?" என்றேன். அந்த நேரத்தில் வேறென்ன சொல்ல முடியும்? அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. பிஷப் குறட்டை விட்டான்.

நோய் பரவினால் அந்த நாய்க்குக் கொடுத்தது என்ன என்பதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று விதி. பார்த்தார்கள். லூசிலுக்கு மாவு. இனி அவளுக்கு நிஜ மருந்தே கொடுப்பார்கள் என்று டோலோரஸ் தொலைபேசியில் சொன்னாள். யோசித்துப் பாருங்கள். லூசிலின் புட்டியில் இருந்தது மாவு என்றால், இத்தனை மாதமும் என் பிஷப் தின்றது மாவு.

நேராக டாக்டரின் அறைக்குப் போனேன். யாரும் என்னைப் பிடித்துக் கொண்டுவரவில்லை, புகார் சொல்ல நானேதான் போனேன். பிஷப்புக்கு அநியாயம் நடந்துவிட்டது, இருந்த மருந்தும் லூசில் வயிற்றுக்குப் போயிருக்கலாம் என்றேன். எப்படி என்று கேட்டார். தொப்பி விஷயத்தைச் சொன்னேன்.

டாக்டர் வெளுத்துப்போனார். காத்திருக்கும் அறையில் கேமரா ஒன்று உண்டாம். யாரும் கவனிக்காதபோது மூன்று கால் நாய்கள் எப்படி நடக்கின்றன என்று பார்க்க வைத்தது. படத்தை ஓட்டினார். நான் தொப்பியோடு உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் தொப்பை தெரிந்தது.

"போதும் டாக்டர். நான்தான். ஒத்துக்கறேன்."

"பொறுங்க, மிஸ்டர் ஸ்ட்ராட்மன். இன்னும் ஓடுது."

நான் பிஷப்போடு உள்ளே போகிறேன். டோலோரஸ் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறாள். என் பையைத் திறக்கிறாள். கொலாச்சி டப்பாவின் மூடியில் மாத்திரைகளைக் கொட்டுகிறாள். அடுத்த மாதத்துப் படத்திலும் அதேதான். அதற்கடுத்த மாதமும். வாந்தி எடுக்கிற நாய்க்குத்தான் வீரியமான மருந்து போகிறது என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். நான் மாற்றியதையெல்லாம் அவள் திருப்பி மாற்றியிருக்கிறாள். இரண்டு நாயும் கடைசிவரை அதனதன் மாத்திரையைத்தான் தின்றிருக்கின்றன.

பிஷப்புக்கு என்ன என்பதையும் டாக்டர் திறந்து பார்த்தார். மருந்து. நுரையீரல் இன்றுவரை சுத்தமாக இருக்கிறது.

"அந்தம்மா மட்டும் உங்க பையில கை வைக்கலேன்னா, பிஷப்புக்கு மருந்தே போயிருக்காது. புரியுதா உங்களுக்கு?" என்றார் டாக்டர்.

புரிகிறது. ஆனால் அவளுக்கு அது தெரியாதே. நோயாளி நாயின் வாயிலிருந்து மருந்தைப் பிடுங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டே செய்திருக்கிறாள், அதுவும் நம்பிப் பையைக் கொடுத்துவிட்டுப் போன மனிதனுக்கு. அதைச் செய்துவிட்டுக் கொலாச்சியும் நீட்டியிருக்கிறாள். பல வருடம் மைதானத்தில் நின்றவன் நான். இப்படி ஒரு மனசை நான் பார்த்ததில்லை.

சோதனையிலிருந்து எங்களை நீக்கினாலும் பிஷப்புக்கு மருந்து தொடரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நல்லது. உங்கள் குழுவிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்தான். எங்களை வேறு கிழமையில் வரச் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை.