கொடிக்கயிற்றைப் பிடித்திருப்பவர்

நேற்றுக் காலை நீங்கள் சாப்பிட்ட முட்டைகள் எங்கள் வீட்டுக் கோழிகள் இட்டவை, சாமி. மஞ்சள் கரு நல்ல நிறம் என்று நீங்கள் பாராட்டியதாக என் மனைவி ஜோதிமேரி வந்து சொன்னாள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. கோழிகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் சங்குமேட்டுக் கோவில் படங்களில் அற்புதம் நடந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, அதை விசாரிக்க நீங்கள் மூன்று சாமிமார் வந்திருக்கிறீர்கள். அற்புதம் எதுவும் இல்லை. நான்தான் செய்தேன். என் பெயர் அருளானந்தம். அக்காள்மடத்தில் மெயின் ரோட்டோரம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன்.

இந்த 2007இல் கோவிலுக்கு நூறு வயது. ஊரின் பழைய படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துவிட வேண்டும் என்று பங்குச்சாமிக்கு ஆசை. வீடு வீடாகப் பெட்டிகளில் கிடந்த படங்களை வாங்கி, ஸ்கேன் செய்து, கறை நீக்கி, பெரிதாக அச்சுப்போட்டுத் தரும் வேலையை என்னிடம் கொடுத்தார். வேலையை நம்பிக் கொடுத்தார்களே தவிர, நான் இந்த ஊர்க்காரன் என்று ஊர் ஒத்துக்கொண்டதில்லை. அறுபத்துநாலு புயலுக்குப் பிறகு அம்மா இடுப்பில் உட்கார்ந்து இங்கே வந்தவன் நான். முடியெல்லாம் கொட்டிய பிறகும் எனக்குத் 'தனுஷ்கோடியான்' என்றுதான் பெயர்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. கோவிலுக்குள் பழைய கொடியேற்றப் படம் ஒன்று மாட்டியிருக்கும். அதில் கயிற்றைப் பிடித்து நிற்பவர் யாரோ, அவர் குடும்பம்தான் திருவிழாவில் கயிற்றை முதலில் தொடலாம். மற்றவர்கள், படத்தில் தங்கள் வீட்டு ஆள் எங்கே நிற்கிறாரோ அந்த வரிசைப்படி பின்னால் நிற்பார்கள். படத்தில் ஆள் இல்லாதவர்கள் கொடிமரத்தைச் சுற்றிய வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். நான் வெளியே நின்று போட்டோ எடுப்பேன்.

கயிற்றைப் பிடித்திருந்தவர் சவேரியார், ஜோதிமேரியின் தாத்தா. வருஷா வருஷம் கொடியேற்றத்தன்று அவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வேலிக்குள் போகும்போது திரும்பி ஒன்று சொல்வாள். "உங்க ஆளுக ஒருத்தராச்சும் அந்தப் படத்துல இருந்தா நீங்களும் இங்கன வந்து நிக்கலாம். என்ன செய்ய, அங்கனயே நில்லுங்க." பிரியமாகத்தான் சொல்வாள். என் அய்யாவுக்கோ தாத்தாவுக்கோ எங்குமே ஒரு படம் கிடையாது. இருந்ததைக் கடல் கொண்டுபோய்விட்டது, அய்யாவையும் சேர்த்து. அவர் முகம் எனக்கு ஞாபகமில்லை. இதை மட்டும் என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை, சாமி.

நான் கெட்ட எண்ணத்தில் தொடங்கவில்லை. காதில் தொடங்கினேன். சவேரியாரின் இடது காதைப் பூஞ்சை தின்றிருந்தது. காதைப் புதிதாக வரைந்து ஒட்டுவது எத்தனை பாடு என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். பகல் முழுக்க முயன்றும் அது முந்திரிப்பருப்பாகவே வந்தது. தலையையே மாற்றிவிடுவது அதைவிடச் சுலபம். என் தாத்தாவின் தலை கைவசம் இல்லாததால், அந்த வம்சத்தில் மிச்சமிருந்த தலையை வைத்தேன். என் கல்யாணப் படத்திலிருந்து எடுத்தது. அப்போது எனக்குச் சுருட்டை முடியும் நல்ல மீசையும் இருந்தன. இப்போது இருப்பது மூக்குக்கண்ணாடி மட்டும்.

ஊர் கூடி அதைப் பார்க்கும்போது, "இவர் எங்கள் தாத்தா ஜாடையாக இருக்கிறாரே" என்று நானே வியந்து பேச்சை ஆரம்பிப்பதாக ஏற்பாடு. கோவில் மண்டபத்தில் திரை கட்டிப் படம் காட்டினோம். நான் வாயைத் திறப்பதற்குள் ஜோதிமேரி எழுந்துவிட்டாள். "இங்கேருங்க, எங்க தாத்தாவ! அழுக்குப் போனதும் எம்புட்டு அழகா இருக்காரு!" சவேரியார் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளிலேயே காலமானவர். மங்கிய படத்தைத் தவிர அவர் முகத்தை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. எல்லாரும் அழுதார்கள். அவள் என் பக்கம் திரும்பி, "இந்தக் களைய ஒங்க மூஞ்சில ஜென்மத்துக்கும் பாக்க முடியாது" என்றாள்.

அது சவேரியார் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு எனக்கு வந்துவிட்டது. அவர் செத்த பிறகு எடுத்த படங்களிலும் அதே முகம் இருந்தால், விவரம் உள்ளவர்கள் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். ஆனால் எந்தப் படத்திலும் காலியிடம் இல்லை. ஒருவர் உட்கார வேண்டும் என்றால் ஒருவர் எழுந்திருக்க வேண்டும். பஸ்ஸில் நடப்பதுதான். பள்ளிக்கூடத் திறப்புவிழாவில் ஒரு வாத்தியாரை எடுத்தேன். அவர் எப்படியும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார். எழுபத்துநாலில் முதல் விசைப்படகு வந்த படத்தில் படகின் சொந்தக்காரரை எடுத்தேன். அவருக்குத்தான் படகு இருக்கிறதே. கரை ஒதுங்கிய திமிங்கிலத்தைச் சுற்றி ஊரே நிற்கும் படத்தில் மட்டும் யாரையும் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. திமிங்கிலத்தை எடுத்தேன். இப்போது ஊரே வட்டமாக நின்று வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது, நடுவில் நான் சிரித்தபடி நிற்கிறேன்.

பழைய படங்கள் இருந்தால் யாராவது ஒப்பிட்டுப் பார்த்துக் குழம்புவார்கள். எரிக்கலாம்தான். ஆனால் வரலாற்றை எரிக்கிற ஆள் நான் இல்லை. கோழிக்கூட்டுக்குள் விரித்தேன். அந்தக் காலத்து அட்டை கெட்டி, ஈரம் நன்றாகத் தாங்குகிறது. ஜோதிமேரி தினமும் காலையில் அவள் தாத்தாவின் மேலிருந்துதான் முட்டை எடுக்கிறாள். கம்ப்யூட்டரில் இருந்த முதல் பிரதிகளையும் அழித்துவிட்டேன். இரண்டு விதமாக இருந்தால் வருங்காலத்தில் சண்டை வரும்.

மறுபடியும் திரை கட்டினோம். முன்வரிசையில் மீன் விற்கிற யாகப்பம்மாள் இருந்தார். விசைப்படகுப் படம் வந்ததும் கும்பிட்டுக்கொண்டே எழுந்தார். "ஏலே, செத்த மனுசன் எழுபத்துநாலுல போட்டுல நிக்கிறாரு! வயசே ஆகலயே, பாருங்கலே!" அடுத்து திமிங்கிலப் படம், அதாவது திமிங்கிலம் இருந்த படம், வந்தது. "அவரப் பாத்துத்தான் அன்னைக்கி ஊரே வாயப் பொளந்து நின்னுருக்கு" என்றார். மண்டபமே முழந்தாளிட்டது. அந்தப் படத்தில் வாயைப் பிளந்து நிற்கும் ஆட்களில் இரண்டு பேர் மண்டபத்திலேயே இருந்தார்கள். இருவரும் தங்களுக்கு எல்லாம் நன்றாக ஞாபகம் இருப்பதாகச் சாட்சி சொன்னார்கள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தங்கச்சிமடத்திலிருந்தும் பாலத்துக்கு அந்தப்பக்கம் மண்டபம் ஊரிலிருந்தும் ஆட்டோ பிடித்து வருகிறார்கள். மெழுகுவத்திப் புகையில் சுவர் கருத்துவிட்டது. இதுவரை ஒரு கையால் கயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்த என் மச்சான்மார் இனி இரண்டு கையாலும் பிடிப்பார்களாம், புனிதர் வீட்டுப் பிள்ளைகள் ஆயிற்றே. வேலியையும் இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளிப் போடப்போகிறார்கள். நான் ரோட்டில் நின்றுதான் படம் எடுக்க வேண்டியிருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜோதிமேரி அந்தப் படத்தின் முன்னால் மெழுகுவத்தி ஏற்றினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். "தாத்தா, எங்க வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் புத்தியக் குடு. ஒன் கால்தூசிக்கு ஆக மாட்டாரு. நாந்தான் வச்சு ஓட்டுறேன்" என்று வாய்விட்டு வேண்டினாள். எங்கள் கல்யாணப் படம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. சனிக்கிழமை தவறாமல் கண்ணாடியைத் துடைக்கிறாள். அதில் இத்தனை வருஷமாக அவள் பார்த்தது அவளுடைய சேலையை மட்டும்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உங்களிடம் வந்துவிடுவது என்று அப்போதே முடிவெடுத்தேன். மனசாட்சி உறுத்தியதால் வந்தேன் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். விசாரணை என்பதால் உள்ளதைச் சொல்கிறேன். என் முகத்தின் மேல் எனக்கே பொறாமை வந்துவிட்டது.

ஆக, குற்றம் என்னுடையது. இனி எந்தப் படத்திலும் கை வைக்க மாட்டேன். வேதப்புத்தகத்தைத் தொட்டு வேண்டுமானாலும் சொல்கிறேன்.

போவதற்கு முன் ஒன்று. நேற்று மாலை கோவில் வாசலில் நீங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படத்தை அச்சுப்போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். ஊர் வரலாற்றில் சேர வேண்டிய படம். எடுத்தவன் நான் என்பதால், வழக்கம்போல, அதில் நான் இல்லாமல் இருந்தேன். உண்மையில் நானும் அங்கே இருந்தேன். இல்லாமலா படம் விழுந்திருக்கும்? எனவே இதைத் திருத்தியது என்று சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நாற்காலி மூன்றுதான், சாமி. மற்ற இரண்டு சாமிமாரும் உங்களைவிட வயதில் பெரியவர்கள், எழுப்ப மனம் வரவில்லை. உங்கள் அங்கியை அப்படியே விட்டிருக்கிறேன். எனக்குக் கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது, பாருங்கள்.